கொயினாவும் குழந்தைகளின் எதிர்ப்புச் சக்தியும்



சந்திப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். ராஜா, போர், கோட்டை என்று எழுதலாம்தான். ஆனால் வீராணம் ஏரிக்கரையில் குடியிருக்கும் லால்பேட்டைக்காரர்களான நமக்குக் கொசுவை விட நெருங்கிய வரலாறு எது? ஆகவே மலேரியாவைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

"காய்ச்சல் வந்தா வரட்டும், உடம்பு பழகிக்கும். சும்மா சும்மா மாத்திரை கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்காதீங்க" என்று நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதில் உண்மை உண்டா? உலக மருத்துவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதாடிய கேள்வி இது.

பாசனமும் காய்ச்சலும் கைகோத்து வருவதை முதலில் கண்டவர்கள் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுத்தான் கண்டார்கள். 1840களில் யமுனைக் கால்வாய்ப் பகுதிகளில் டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர் ஊர் ஊராகச் சென்று, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணினார். நம் காவிரிப் படுகையிலும் இதே கதை. 1934-ல் மேட்டூர் அணை திறந்து, புதுக் கால்வாய் பாய்ந்த பட்டுக்கோட்டைப் பகுதியில் குளிர்காய்ச்சல் தலைவிரித்தாடியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் அங்கே வந்து ஆராய்ந்தார்.

அன்றைய மருந்து கொயினா. 1860களில் நீலகிரியில் சின்கோனா மரம் பயிரானது. 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதையடுத்து 1899-1900-ல் ஜாவாவிலும் நியூகினியிலும் ரத்தப் பரிசோதனை செய்த ராபர்ட் காக் ஒரு விநோதத்தைக் கவனித்தார். சிறு பிள்ளைகளின் ரத்தத்தில் கிருமி மலிந்திருந்தது. அதே ஊர்ப் பெரியவர்களிடம் அது அரிதாக இருந்தது. பலமுறை காய்ச்சலில் விழுந்து எழுந்த உடம்பு எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது என்பது புரிந்தது.

அப்படியானால் பெரியவர்கள் சொன்னது சரிதானே? பாதி சரி. இலங்கையைப் பாருங்கள். 1934-35-ல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது வந்த மலேரியாவில் சுமார் 80,000 பேர் மாண்டனர். கடுமையாக அடிபட்டது எப்போதும் காய்ச்சல் இருந்த வறண்ட பகுதி அல்ல. வழக்கமாகக் காய்ச்சல் குறைவாக இருந்த, எதிர்ப்புச் சக்தி இல்லாத பகுதிகள்தான்.

மறுபாதியை ஆப்பிரிக்கா சொல்கிறது. 1961-ல் காம்பியாவில் மக்கிரிகர் குழுவினர், பெரியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதத்தை நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தினர், கிருமி குறைந்தது. எதிர்ப்புச் சக்தி என்பது கற்பனை அல்ல என்று நிரூபணமாயிற்று. ஆனால் அதைச் சம்பாதிப்பதற்குள் எத்தனை பிள்ளைகள் ஐந்து வயதைக் காணாமலே போய்விட்டார்கள்! பிழைத்தவர்களை மட்டும் பார்த்து "பழகிக்கும்" என்கிறோம். போனவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை.

சரி, எல்லாக் குழந்தைக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்துவிட்டால்? தான்சானியாவின் இஃபகாரா ஊரில் முதல் வயது முழுவதும் வாரந்தோறும் கொடுத்துப் பார்த்தார்கள். மலேரியாவும் கடும் ரத்தசோகையும் பாதிக்கு மேல் குறைந்தன. ஆனால் மருந்தை நிறுத்திய அடுத்த ஆண்டில், மருந்து சாப்பிட்ட பிள்ளைகளுக்கே காய்ச்சல் அதிகம் வந்தது என்று 1997-ல் அறிவித்தார்கள். முழுக்க அடைத்துவிட்டால் உடம்புக்குப் பாடம் படிக்க வாய்ப்பில்லாமல் போகிறது. பிறகு அதே ஊரில் தடுப்பூசி போடும் 2, 3, 9-ஆம் மாதங்களில் மட்டும் மருந்து கொடுத்தார்கள். 2001-ல் வந்த முடிவு: முதல் வயதில் மலேரியா 59 சதவீதம் குறைந்தது, பின்னர் அந்தத் திருப்பித் தாக்குதலும் இல்லை. மருந்தை அறவே விடவும் வேண்டாம், ஓயாமல் கொடுக்கவும் வேண்டாம் என்ற நடுவழி பிறந்தது. மழைக்காலத்தில் மட்டும் மலேரியா பெருகும் ஆப்பிரிக்கப் பகுதிகளில், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த மாதங்களில் மாதம் ஒருமுறை மருந்து தர உலக சுகாதார நிறுவனம் 2012-ல் பரிந்துரைத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று மதிப்பிட்டார்கள். 1953-ல் தேசியத் திட்டம் தொடங்கி, டி.டி.டி. தெளித்து, 1960களின் நடுவில் ஒரு லட்சமாகக் குறைத்தார்கள். மெத்தனம் வந்தது, 1976-ல் 64 லட்சம்! இலங்கையிலும் 1963-ல் வெறும் 17 பேர். 1968-69-ல் ஐந்து லட்சத்துக்கு மேல். விடாமல் பாடுபட்டு 2016-ல் அந்த நாடு மலேரியா அற்றதெனச் சான்று பெற்றது.

நான் கண்ட பாடம் இதுதான். காய்ச்சல் குறைந்த ஊரில் யாருக்கும் எதிர்ப்புச் சக்தி மிஞ்சாது. இருந்ததும் நாளடைவில் கரைந்துபோகும். எனவே பிழைப்புக்காக ஆப்பிரிக்கா செல்லும் நம்மவர்கள் "எங்க ஊர்க் கொசு பார்க்காததா" என்று இருந்துவிடாமல், மருத்துவரைக் கேட்டுத் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

இன்று தடுப்பூசியும் வந்துவிட்டது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்21 தடுப்பூசி புனேயில் தயாராகிறது. சாவைப் பணயம் வைத்துப் பெற்ற பாடத்தை ஊசி முனையில் கற்பிக்கும் காலம் இது. மருத்துவம் பயிலப் போகும் தம்பி தங்கைகள் இந்த வரலாற்றின் அடுத்த பக்கத்தை எழுதட்டும். வாழ்க நம் கல்லூரி!