வேட்டைத் துப்பாக்கியின் அளவுகோல்

‘புந்துக்’ என்னும் அரபுச் சொல் முதலில் ஒரு சிறு கொட்டையின் பெயராக இருந்தது. பின்னர், வில்லில் வைத்து எய்யும் களிமண் உருண்டையையும் அச்சொல் குறித்தது. வெடிமருந்துக் காலம் பிறந்ததும் உருண்டையின் பெயர் அதனை எறியும் கருவிக்கு ஆகி, ‘புந்துகிய்யா’ என்றும் ‘பந்தூக்’ என்றும் வழங்கலாயிற்று. நாம் வழங்கும் ‘துப்பாக்கி’யோ துருக்கி மொழி தந்த சொல்லாகும்.

உருண்டை எய்த காலத்திலேயே நம் சட்ட மேதைகள் ஒரு கேள்வியை எழுப்பினர். வேட்டைப் பிராணியை அந்த உருண்டை துளைத்துக் கொன்றதா, பளுவினால் நசுக்கிக் கொன்றதா? கூரான அம்பு துளைத்துக் கொன்றதற்கும், மழுங்கிய பொருள் மோதிக் கொன்றதற்கும் தீர்ப்பு வேறு. துப்பாக்கிக் குண்டு இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது என்பது பற்றிப் பிற்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வியப்பு யாதெனில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலத் துப்பாக்கிக் கம்மியர்களும் வேறொரு வாயில் வழியாக இதே கேள்விக்கு வந்து சேர்ந்தனர் என்பதே. எந்தப் பிராணிக்கு எவ்வளவு பளு வேண்டும், எவ்வளவு துளைப்பு வேண்டும் என்பதே அவர்களின் ஆராய்ச்சி.

அக்காலத்தில் குழலின் அளவை ஈயத்தால் கணக்கிட்டனர். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று அடங்கும் குழல் 12 எண் குழல். எட்டாக வார்த்தால் 8 எண். உருண்டை 2 அவுன்ஸ். நான்காக வார்த்தால் 4 எண். உருண்டை 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். எண் குறையக் குறையக் குழல் பெருக்கும்.

இலங்கையில் நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர், யானை வேட்டைக்கு 21 ராத்தல் எடையுள்ள துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். அதற்கு ஒரு முறை இட்ட மருந்து மட்டும் ஓர் அவுன்ஸ். பின்னர் நைல் நதியின் கிளையாறுகளை ஆராயச் சென்றபோது, அரை ராத்தல் குண்டு எறியும் துப்பாக்கியைச் சுமந்து சென்றார். அங்கிருந்த அரபு வேட்டைக்காரர் அதற்குப் ‘பீரங்கியின் பிள்ளை’ என்று பெயரிட்டனர். சுட்டவரையே சுழற்றிவிடும் அதன் உதைப்பு. கருமருந்து குண்டுக்குப் பெரும் வேகம் தர இயலாது. ஆகவே வேகத்தின் குறையைப் பளுவால் ஈடுசெய்தனர்.

புகையில்லா மருந்து வந்ததும் இக்கணக்கு தலைகீழாயிற்று. 1898இல் லண்டன் ரிக்பி நிறுவனத்தார் 0.450 அங்குலக் குழலுக்குக் கார்டைட் மருந்துத் தோட்டாவை வெளியிட்டனர். குண்டின் எடை 480 கிரெயின். ஓர் அவுன்ஸைச் சற்றே தாண்டும். வேகமோ நொடிக்கு 2,150 அடி! நான்கு அவுன்ஸ் ஈயம் செய்த வேலையை ஓர் அவுன்ஸ் செய்யலாயிற்று. ஆயின், 1907ஐ ஒட்டி இந்தியாவிலும் சூடானிலும் இவ்வளவுத் துப்பாக்கிக்கு அரசு தடை விதித்தது. கிளர்ச்சிக்காரரின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளுக்கு இத்தோட்டாவின் உறுப்புகள் உதவக்கூடும் என்னும் அச்சமே காரணம். உடனே கம்மியர்கள் 0.465, 0.470 என்று நூலிழை வேறுபாட்டில் புதிய அளவுகளைப் படைத்தனர். 1912இல் வந்த 0.375, மானுக்கும் எருமைக்கும் பொதுவான அளவு என்று பெயர் பெற்றது. ஆபத்தான பெரு விலங்குகளுக்கு இதற்குக் குறைந்த அளவு கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பின்னர் சட்டமும் எழுந்தது.

குழலின் அளவோடு குண்டின் அமைப்பும் சேர்ந்தது. மானுக்கும் புலிக்கும் மெல்லிய தோல்; உடலுள் சென்று விரியும் மென்முனைக் குண்டு அவற்றுக்கு ஏற்றது. யானையின் மண்டையோட்டை ஊடுருவ, உருக்குலையாத கடினக் குண்டு வேண்டும். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையின் பெயரால் அறியப்பட்ட விரியும் குண்டைப் போரில் பயன்படுத்துவதை 1899இன் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் விலக்கியது. போர்க்களத்தில் கொடுமை எனப்பட்ட அதே குண்டு, வேட்டைக்களத்தில் பிராணியின் வேதனையைச் சுருக்குவதாகக் கொள்ளப்பட்டது.

இங்கு ஒருவர் குறுக்கிடலாம். யானைத்தந்த வேட்டைக்காரர் வால்டர் பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை வீழ்த்தினாரே. அவற்றுள் பெரும்பாலானவற்றை மான் வேட்டைக்குரிய 7 மில்லிமீட்டர் துப்பாக்கியால் அல்லவா கொன்றார்? உண்மைதான். ஆனால் அவர் யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை இருக்கும் இடத்தை எல்லாக் கோணங்களிலிருந்தும் பயின்றவர். அவருடைய கல்வியின்றி அவருடைய துப்பாக்கியை மட்டும் எடுத்தவர் கையில் அது யானைக்குச் சித்திரவதை, சுட்டவருக்கு மரணம்.

ஜிம் கார்பெட்டின் வாழ்வு இதற்குச் சான்று. 1907இல் குமாவுன் மலைநாட்டின் சம்பாவத் பெண்புலியை அவர் கொன்றார். நேபாளத்திலும் குமாவுனிலும் அது கொன்ற மாந்தர் 436 பேர் என்பது கணக்கு. அதனைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹெவெட் அவருக்கு ரிக்பியின் 0.275 துப்பாக்கியைப் பரிசளித்தார். 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தியது இந்த இலேசான துப்பாக்கியே. புலிகளை நாடிச் சென்ற பிற்காலத்திலோ 400 அளவுள்ள கனத்த இரட்டைக்குழலையும் அவர் நம்பியிருந்தார். சிறுத்தைக்கு ஓர் அளவு, புலிக்கு ஓர் அளவு!

சம்பாவத் புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்புறத்துக் கோரைப்பற்கள் இரண்டும் முறிந்திருந்தன. மேற்பல் பாதியளவும், கீழ்ப்பல் எலும்பு வரையும் போயிருந்தன. என்றோ யாரோ சுட்ட துப்பாக்கிக் காயம் அது. இயற்கை இரையைப் பிடிக்க இயலாமல் புலி மனிதரை நாடிற்று என்பது கார்பெட் கண்ட முடிவு. சுட்டவர் யார், அவர் கையிலிருந்த குழலின் அளவு யாது என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அவர் ஒருவேளை, குறி தப்பியது என்று எண்ணி வீடு திரும்பி உறங்கியிருப்பார். அந்தத் தப்பிய குறியின் விலையை விறகு பொறுக்கவும் புல் அறுக்கவும் காடு சென்ற ஏழைப் பெண்கள் செலுத்தினர்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு முடிவு கட்டிற்று. அது நன்றே. ஆயினும், ஓர் உயிரைப் பறிக்கக் கருவி ஏந்துபவன் அந்த உயிரையும், தன் கருவியையும், தன் திறனையும் அளந்தறிந்த பின்னரே விசையைத் தொட வேண்டும் என்று அத்துப்பாக்கிகள் கற்பித்த பாடம் பழையதாகிவிடவில்லை. அளவறியாத கை தொடங்கிவைத்த தீங்கு தன்னோடு முடிவதில்லை என்பதை அம்முறிந்த பற்களில் நாம் காண்கிறோம்.