விழித்திரை லேசர் சிகிச்சை

கண்ணின் உட்சுவரில் படர்ந்திருக்கும் விழித்திரையைக் குறிப்பிட்ட இடங்களில் லேசர் ஒளியால் சுட்டு, பார்வையிழப்பைத் தடுக்கும் மருத்துவ முறை. கத்தியும் தையலும் இதில் இல்லை. கருவிழியும் லென்ஸும் ஒளியை உள்ளே விட்டுவிடும். விழித்திரையின் அடியிலுள்ள நிறமி அடுக்கு அதை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூட்டில் அங்குள்ள திசு, வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல உறைந்து, சில நாளில் தழும்பாகும்.

இந்த யோசனை லேசரைவிட மூத்தது. 1945 ஜூலை 9 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தைப் பார்த்ததால் விழித்திரையில் ஏற்பட்ட காயத்தைக் கண்ட ஜெர்மானியக் கண் மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத், அதே சூட்டை அளவோடு கொடுத்தால் மருந்தாகுமே என்று எண்ணினார். ஹாம்பர்கில் சூரிய ஒளியைக் கண்ணாடிகளால் திருப்பி நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். மேகம் வந்தால் வைத்தியம் நின்றது! 1950களில் செனான் விளக்குக்கு மாறினார். 1960இல் தியோடர் மெய்மன் ரூபி லேசரை உருவாக்க, மறு ஆண்டே நியூயார்க்கில் அது விழித்திரைக் கட்டி ஒன்றை அழிக்கப் பயன்பட்டது. ரூபியின் சிவப்பு ஒளியை இரத்தம் அவ்வளவாக உறிஞ்சாது. அந்தக் குறையை 1968இல் பிரான்சிஸ் லெஸ்பரன்ஸ் கையாண்ட ஆர்கான் லேசரின் நீலப்பச்சை ஒளி தீர்த்தது. இன்று 532 நானோமீட்டர் பச்சை லேசரே பரவலாக உள்ளது.

விழித்திரையில் கிழிசல் விழுந்தால், அதைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சூடு வைத்து ஒட்டுவார்கள். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய்க்கும் லேசர் உண்டு.

சர்க்கரை நோயில்தான் இதன் வேலை விசித்திரமானது. நுண்குழாய்கள் அடைபட்டு ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை, புதுக் குழாய்களை வளர்க்கும் புரதத்தைச் சுரக்கிறது. முளைக்கும் குழாய்களோ எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசியவிடும். மருத்துவர் அந்தக் குழாய்களைச் சுடுவதில்லை. மையத்தை விட்டுவிட்டு, ஓரங்களில் 1,200 முதல் 1,600 புள்ளிகள் வரை சுடுகிறார். ஆக்சிஜன் கேட்கும் திசு குறைய, சுரப்பும் தணிகிறது. ஓரத்தைப் பலிகொடுத்து நடுவைக் காக்கும் பேரம் இது. இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் சற்றுக் குறையலாம். ஆனால் 1970களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், கடும் பார்வையிழப்பு பாதிக்கும் மேல் குறைந்தது.

இப்போது கண்ணுக்குள் போடும் ஊசிகள் அந்தப் புரதத்தையே முடக்குகின்றன. ஆனால் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். மருத்துவமனைக்குத் தவறாமல் வர முடியாதவருக்கு லேசரே பாதுகாப்பு.

லேசர் வைத்தபின் பார்வை கூடவில்லையே என்று வருந்துவோர் பலர். இருக்கும் பார்வையைக் காப்பதே அதன் வேலை. போனதை அது மீட்டுத் தராது. சர்க்கரை உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரியும்போதே, ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.