பழந்துணிக்கு ஒரு விலை

பழைய புத்தகக் கடையைப் பற்றி எழுதாத எழுத்தாளர் நம்மிடையே குறைவு. 1900-ல் திறக்கப்பட்டு 1985 மே 30 அன்று எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டில் சில்லறைக் காசுக்கு ஓர் அரிய புத்தகம் அகப்பட்ட கதையை, அங்கு போன ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் முன்னவன் எழுதிவைத்த பெயரும் தேதியும் அந்தப் புத்தகத்துக்குக் கூடுதல் கௌரவமாகிவிடும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவன் உடுத்திக் கழித்த சட்டையை விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டதாக நம்மில் ஒருவர் எழுதி நான் படித்ததில்லை. வாங்காமல் இருந்திருக்க மாட்டோம். சம்பளம் வராத மாதங்களைப் பற்றி மனம்விட்டு எழுதியவர்கள்தாம் நாம். சட்டை விஷயத்தில் மட்டும் வாய் மூடிக்கொண்டோம். இந்த மௌனத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு என்று எனக்குப் படுகிறது.

மேனாட்டு நகரங்களில் நிலைமை வேறு. எந்த ஊரில் எந்தத் தெருவில் நல்ல பழந்துணிக் கடை இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது அங்கே ஒரு ரசனையின் அடையாளம். பாரிஸ் போனால் ஸேன்த்-ஊவான் சந்தை, லண்டன் போனால் இன்னொன்று என்று நண்பர்கள் வழி சொல்லிக்கொள்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய கோட்டு, அந்தக் காலத்துத் தையல், அசல் பித்தான் என்று பேசுகிறார்கள். இந்தப் பேச்சு இப்போது சென்னைக்கும் பெங்களூருக்கும் ‘விண்டேஜ்’ என்ற பெயரோடு வந்திருக்கிறது. வரட்டும். ஆனால் இது வந்து சேர்ந்திருக்கும் மண்ணில் பழந்துணிக்கு ஏற்கெனவே ஒரு வாழ்வு உண்டு என்பதை மறந்துவிட்டுப் பேச முடியாது. அந்த வாழ்வை எனக்குத் தெரிந்த கரையிலிருந்து பார்க்கிறேன்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போகும் வழியில், சிப்காட் ஆலைகளின் நெடியை ஒட்டி இருக்கிறது செம்மங்குப்பம். கிழக்கே கடல். 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கடல் ஏறி வந்து இந்த மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. அடுத்த நாட்களில் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் லாரி லாரியாகப் பழந்துணி வந்திறங்கியது. கம்பளிச் சட்டை, கிழிந்த சேலை, இந்தப் பக்கத்துப் பெண்கள் எந்தக் காலத்திலும் உடுத்தாத உடைகள். கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் சாலையோரங்களில் அவை மலைமலையாகக் குவிந்து, மழையில் நனைந்து, ஆடுமாடு மிதித்துக் கிடந்தன. வீடும் வலையும் பிள்ளையும் போன மீனவர்கள் அவற்றைத் தொடவில்லை.

“இந்த நிலைமையிலும் எவ்வளவு திமிர் பாருங்கள்” என்று அப்போது சொன்னவர்கள் உண்டு, படித்தவர்கள்தாம் சொன்னார்கள். உடுக்க மாற்றுத்துணி இல்லாதவன் துணியை மறுக்கிறான் என்றால் அந்தத் துணியில் நூலைத் தவிர வேறு என்னவோ நெய்யப்பட்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

அந்த வேறு என்னவோ மிகப் பழையது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் அதை ஒளிக்காமல் சொல்கிறது: சூத்திரப் பணியாளனுக்கு எஞ்சிய சோறும் நைந்த துணியும், சண்டாளனுக்குப் பிணத்தின் மீதிருந்த துணி. துணி என்பது உடம்பை மூடுவதற்கு முன்னால் உடம்பு எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டுவதற்காக ஏற்பட்டது என்பதுதான் இந்த விதியின் அர்த்தம். சாஸ்திரம் படித்திராத கிராமமும் இதே விதியை நடத்திக் காட்டியது. பண்ணையாளுக்குப் பொங்கலுக்கு ஒரு வேட்டி, நடுவில் ஆண்டையின் வீட்டுப் பழசு. எசமானி உடுத்திக் கழித்த சேலையை உடுத்திக்கொண்டு அவளெதிரிலேயே களத்தில் நிற்க வேண்டும். யாருடைய சேலை என்று ஊருக்கே தெரியும். பழையதைக் கொடுப்பதைப் போலவே புதியதைத் தடுப்பதும் நடந்திருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்களுக்கு விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளில், உடம்பின் எந்தப் பகுதியை எதுவரை மூடலாம் என்பதும் அடக்கம். கந்தை வறுமையின் விளைவு என்று மட்டும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கந்தை ஒரு சட்டமாகவும் இருந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு ரகசியச் சந்தையும் நடந்துவந்தது. 1909-ல் வெளியான தர்ஸ்டனின் தென்னிந்திய சாதிகள் பற்றிய தொகுதிகளில் ஒரு செய்தி இருக்கிறது. வண்ணார், வாடிக்கை வீடுகளிலிருந்து வெளுக்க வந்த துணிகளைக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வெளியாருக்கு வாடகைக்கு விடுவார்கள் என்று அவர் குறிக்கிறார். சற்றே ஏளனத்தோடு சொல்லப்படுகிற செய்தி இது. எனக்கு இது வேறு விதமாகத் தெரிகிறது. நம் கிராமங்களில் இருந்த ஒரே பழந்துணிக் கடை வண்ணாரின் மூட்டைதான். அதற்கு விலாசம் இல்லை, பலகை இல்லை. ஆனால் ஒரு நாளைக்காவது, ஒருவன் தன் நிலைக்கு மீறிய துணியை, யார் கொடுத்தது என்று யாருக்கும் தலைவணங்காமல், கூலி கொடுத்து உடுத்திக்கொள்ள அது இடம் தந்தது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று பழமொழி எச்சரிக்கிறது. எச்சரிக்கை வேண்டியிருந்தது என்றாலே, எறிய நினைத்தவர்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்?

மூட்டையைச் சுமந்தவர்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்ததா என்பது தனிக்கேள்வி. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) இந்தச் சீமையின் புதிரை வண்ணார் குடும்பத்தைப் பற்றியது. தலித்துகளுக்கு வெளுப்பவர்களுக்கும் கீழே ஒரு படி இல்லாததால், பழந்துணியின் முழுக்கனமும் கடைசியில் வந்து இறங்குகிற தோள் அது.

கடலோரம் இந்தக் கணக்கில் கொஞ்சம் விலகி நின்றது. மீனவன் யாருடைய பண்ணையிலும் ஆளாக இருந்தவனல்லன். தினமும் காலையில் கரைக்கு வந்த மீனை ஏலம் போட்டு, கண்ணெதிரே விலை பேசிப் பிழைத்தவன். பழசை வாங்கி உடுத்தும் பழக்கம் அவனுக்கு ஏற்படவில்லை. 2005 ஜனவரியில் சாலையோரத்தில் கிடந்த துணிமலையை அவன் பார்த்த பார்வையில் இந்தச் சரித்திரம் முழுவதும் இருந்தது. தன்னை யாரோ ஒரு படி கீழே இறக்குகிறார்கள் என்று அவன் கண்டுகொண்டான். மறுக்க முடியாதவர்களும் இருந்தார்கள். உள்ளடங்கிய சேரிகளில், கூலி போன தலித் குடும்பங்களுக்கு நிவாரணமே ஒழுங்காகப் போய்ச்சேரவில்லை. திமிருக்கும் ஒரு முதல் வேண்டும். அவர்களிடம் அது விட்டுவைக்கப்படவில்லை.

இதே கரையின் முந்தைய சரித்திரத்தை நினைத்தால் இந்தக் காட்சியின் கசப்பு இன்னும் கூடுகிறது. 1690-ல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரை எல்லை என்று எடுத்துக்கொண்டது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது. கம்பெனிக்கு இங்கே வேண்டியிருந்தது துணி. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ளூர்களில் நெய்து, அவுரியில் தோய்த்த நீலத்துணி கப்பலேறியது. பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் ‘கினே’ என்று பெயரிட்டு அனுப்பிய நீலத்துணி, மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றங்கரையில் பிசின் வியாபாரத்தில் நாணயமாகவே புழங்கியது. அடிமைகளை வாங்கவும் சோழமண்டலத் துணி போயிற்று. ஆக, இங்கே நெய்தவனுக்கும் அங்கே விற்கப்பட்டவனுக்கும் நடுவே ஒரு நீலத்துணி இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறியவில்லை.

இன்று அந்த ஆப்பிரிக்கக் கரைக்குத் துணி வேறு திசையிலிருந்து போகிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் கழித்த உடைகள் பொதிபொதியாக கானாவின் அக்ரா நகரத்துக் கண்டமாண்டோ சந்தையில் இறங்குகின்றன. அங்கே அவற்றுக்குப் பெயர் ‘ஒப்ரோனி வாவு’, செத்த வெள்ளைக்காரனின் துணி. இவ்வளவு நல்ல துணியை உயிரோடிருப்பவன் கழிப்பானா, செத்துத்தான் போயிருப்பான் என்ற நியாயம் அந்தப் பெயரில் இருக்கிறது. மனு, பிணத்தின் துணியைக் கீழ்ப்படுத்துவதற்காக ஒருவன்மேல் போர்த்தினார். அக்ராக்காரன் அதே பிணத்தை வேடிக்கையாக்கி, பேரம் பேசி, தன் அளவுக்கு வெட்டித் தைத்துப் போட்டுக்கொள்கிறான். இரண்டுக்கும் இடையே என்ன நடந்தது? விலை நடந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். கொடுக்கப்பட்ட பழந்துணியில் கொடுத்தவன் உட்கார்ந்திருக்கிறான். விலை கொடுத்து வாங்கிய பழந்துணியில் அவன் இல்லை; காசு அவனை இறக்கிவிட்டுவிடுகிறது. விலையையே எல்லா இழிவுக்கும் காரணமாகச் சொல்லிப் பழகிய நமக்கு இதை ஒத்துக்கொள்வது சிரமம். சந்தை மனிதனை விடுதலை செய்யும் என்று நான் வாதிடவில்லை. காசில்லாதவனுக்குச் சந்தை ஒன்றும் செய்யாது. ஆனால் தானத்துக்கும் தர்மத்துக்கும் நாம் கொடுத்துவரும் மரியாதையை, துணி விஷயத்திலாவது, வாங்குகிறவனின் பக்கம் நின்று ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

உலகில் சிலர் இதைச் செய்கையில் கண்டிருக்கிறார்கள். 1942-ல் தோன்றிய ஆக்ஸ்ஃபாம், அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் தெருவில் ஒரு கடை திறந்தது. தானமாக வந்த பழையதைத் தானமாகக் கொடுக்காமல் விலைக்கு விற்றார்கள். காசு மட்டும் நிவாரணத்துக்குப் போயிற்று. 1999-ல் டில்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச், சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுச் சாலைகளில் கிடந்த துணிமலைகளை அள்ளிப் பிரித்து, உபயோகமாக மாற்றும் வேலையைச் செய்தது. கிராமத்தார் தங்கள் ஊருக்குக் கிணறோ பாதையோ போட்டுக்கொண்டு, அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி பெறும் ‘வேலைக்குத் துணி’ என்ற முறையையும் அது நடத்திவருகிறது. பானிப்பட்டு ஆலைகளில் மேனாட்டுப் பழங்கம்பளிகள் கிழிக்கப்பட்டு நூலாகித் திரும்பவும் கம்பளியாகின்றன. வெள்ளத்திலும் பூகம்பத்திலும் நிவாரணமாகப் போன மலிவுக் கம்பளி ஒரு காலத்தில் பெரும்பாலும் இந்த ரகம்தான். முன்னவன் அங்கே இழைஇழையாகக் கரைந்துவிடுகிறான்.

நம் பக்கத்திலும் கடைகள் இல்லாமலில்லை. புதுச்சேரியில் ஞாயிறுதோறும் காந்தி வீதியில் கூடும் சந்தையில் புதியதும் பழையதும் ஏற்றுமதியில் கழிந்ததும் ஒரே தார்ப்பாயில் கிடக்கும். கல்லூரிப் பையனும் கட்டட வேலைக்காரரும் ஒரே குவியலில் கைவிட்டுத் துழாவுவார்கள். திருப்பூர் காதர்பேட்டையில் வெளிநாட்டுக் கம்பெனிக்காகத் தைத்து மிஞ்சிய பனியன்கள் கழுத்துப் பட்டி வெட்டப்பட்டு விலைக்கு வருகின்றன. அவை ஒருவரும் உடுத்தாதவை, இருந்தும் கழிக்கப்பட்டவை. இந்த இடங்களில் நல்ல கடை எது என்று கேட்டால் எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுதான்: அங்கே யாரும் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம். பாதி விலைக்குக் கேட்கலாம்.

‘விண்டேஜ்’ கடைக்கு வருகிறவர் முன்னவனை விரும்பித் தேடுகிறார். இது யாருடையதாக இருந்திருக்கும் என்ற கற்பனைக்கும் சேர்த்துத்தான் அங்கே விலை. அந்தக் கற்பனையில் தவறில்லை. பழம்புத்தகத்தில் நாம் அனுபவிப்பதும் அதுதான். ஆனால் யாருடைய சேலை என்று ஊருக்கே தெரிய, ஆண்டையின் களத்தில் நின்றவளின் பேத்தியால் அந்தக் கற்பனையை அவ்வளவு இலகுவாக அனுபவிக்க முடியாது. அவள் முதல் சம்பளத்தில் பளபளவென்று புதுச்சேலை எடுத்தால் அதை ரசனைக் குறைவு என்று நாம் சொல்லாமலிருக்க வேண்டும்.

செம்மங்குப்பத்துக்குப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண் ஒருத்தி வருவாள். தலையில் எவர்சில்வர் கூடை, தோளில் மூட்டை. அவளும் வீட்டுக்காரியும் திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் சண்டை போடுவார்கள். நாலு சேலைக்கு ஒரு டிபன் டப்பாவா, அந்தச் சேலையில் கிழிசல் இருக்கிறது, இந்த டப்பாவின் மூடி சரியில்லை என்று. இரண்டு பேரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் கூட ஒரு வேட்டி கைமாறும், அல்லது ஒரு கரண்டி. அவள் மூட்டையைக் கட்டும்போது அந்தத் துணிகள் யாருடையவையும் அல்ல. எங்கோ ஒரு சந்தையில், தார்ப்பாயின்மேல், அவற்றை ஒருவர் எடுத்து உதறிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, என்ன விலை என்று கேட்பார்.