புதுச்சேரியில் குற்றத்தால் பாதிக்கப்பட்டோரின் சட்ட உரிமைகள்

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் குற்றவியல் வழக்கில் ஒரு தரப்பினரா, வெறும் சாட்சியா என்ற கேள்விக்குப் புதுச்சேரியின் வரலாறு இரு வேறு விடைகளைத் தந்துள்ளது. பிரெஞ்சுச் சட்டம் அவரைத் தரப்பினராக ஏற்றது. பின்னர் வந்த இந்தியச் சட்டம் அவரைச் சாட்சியாக்கியது.

பிரெஞ்சு ஆட்சிக் காலம்

பிரான்சின் 1808ஆம் ஆண்டுக் குற்றவியல் விசாரணைச் சட்டத் தொகுப்பு, சில மாற்றங்களுடன் புதுவையிலும் நடைமுறையில் இருந்தது. அதன்படி அடிபட்டவர், பொருளை இழந்தவர், கொலையுண்டவரின் குடும்பத்தார் ஆகியோர் 'பார்த்தி சிவில்' எனப்படும் உரிமையியல் தரப்பினராக வழக்கில் சேரலாம். தண்டனை கோருவது அரசு வழக்குரைஞரின் வேலை. இழப்பீடு கோருவது இவரது உரிமை. இரண்டையும் ஒரே நீதிமன்றம் தீர்த்ததால், இழப்பீட்டுக்கெனத் தனி உரிமையியல் வழக்குத் தொடரும் தேவை இருக்கவில்லை.

பாதிக்கப்பட்டவர் இவ்வாறு தரப்பினராகி விசாரணை நீதிபதியிடம் முறையிட்டால், அரசு வழக்குரைஞர் வாளாவிருந்தாலும் வழக்கு தொடங்கியாக வேண்டும் என 1906இல் பிரான்சின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. வழக்கு தோற்றால் செலவு உரிமையியல் தரப்பினரின் தலையில் விழக்கூடும். ஆகவே ஏழைகளுக்கு இவ்வுரிமை எளிதில் எட்டவில்லை. மேல்முறையீடும் இழப்பீட்டைப் பற்றியதாக மட்டுமே இருக்கலாம். விடுதலைத் தீர்ப்பை மாற்றித் தண்டனை தருமாறு அவர் கேட்க முடியாது.

1963இல் வந்த மாற்றம்

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. 1963ஆம் ஆண்டுப் புதுச்சேரிச் சட்டங்கள் ஒழுங்குவிதியின் வழியாக, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டமும் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இங்கு நடைமுறைக்கு வந்தன.

புதிய முறையில் அரசே வழக்காடும். பாதிக்கப்பட்டவர் வைத்துக்கொள்ளும் வழக்கறிஞர் அரசு வழக்குரைஞரின் சொற்படியே நடக்க வேண்டும். 545ஆம் பிரிவின்படி, விதிக்கப்பட்ட அபராதத்திலிருந்து ஒரு பகுதியை இழப்பீடாக அளிக்க நீதிமன்றம் ஆணையிடலாம், கட்டாயமில்லை. மகளைப் பறிகொடுத்த தாய்கூட, சாட்சிக் கூண்டில் நின்று கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டியவரானார்.

சிறிது சிறிதாகத் திரும்பிய உரிமைகள்

2008இல் நிறைவேறிய திருத்தம் 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்கு அது சட்டத்தில் வரையறை தந்தது. விடுதலை, குறைந்த குற்றத்துக்கான தண்டனை, போதாத இழப்பீடு ஆகியவற்றை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்யலாம் என்றது. குற்றவாளி யாரெனத் தெரியாத நிலையிலும் அரசின் திட்டத்தில் இழப்பீடு கோரவும் வழி செய்தது. இந்த மேல்முறையீட்டு உரிமை பழைய பிரெஞ்சு உரிமையையும் விஞ்சியது.

2022இல் ஜக்ஜீத் சிங் வழக்கில், விசாரணையின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, புலனாய்வின் நிலையை 90 நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்கக் காவல்துறையைக் கடமைப்படுத்துகிறது.

ஆயினும் அரசு வழக்குரைஞருக்கு நிகரான தனித் தரப்பினர் என்ற இடம் இன்னும் திரும்பவில்லை. புதுச்சேரியைப் பொறுத்தவரை அது புதிதாகக் கேட்கும் சலுகையன்று. 1963 வரை சட்டத்தில் இருந்த உரிமை.