கோட்டத்தறை விமுக்தி மையம்

கேரளக் கலால் துறையின் விமுக்தி இயக்கத்தைச் சேர்ந்த போதை மீட்பு மையம். பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில், அரசுப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையில் அமைந்தது.

இத்தகைய மையங்கள் கையாளும் அபின் வகைப் போதையில் மூச்சு தளர்ந்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி வருபவருக்கு மூச்சுக்கு உதவிவிட்டு நலாக்சோன் ஊசி போடுவது எந்தச் சிறிய மருத்துவமனைக்கும் இயலும். ஊசியின் வீரியம் சீக்கிரம் தணியும் என்பதால் உடனே வீட்டுக்கு அனுப்பலாகாது. அந்தப் போதைக்கு அடிமையானவரை மீட்க, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம் போன்ற விலகல் அறிகுறிகள் தெரிந்த பின்பே நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரையைத் தொடங்குவர். இது மாதக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சை. சில நாள் படுக்கவைத்து நிறுத்திவிடுவது அரைவைத்தியம், ஆபத்தும்கூட: தாங்குதிறன் குறைந்த உடலில் பழைய அளவே உயிரைப் பறித்துவிடும்.