படைத்தலைவரின் மிதவாதம்: பிரேம் தின்சுலானொன்

தாய்லாந்தில் 1932க்குப் பின் படைத்தலைவர்களே நெடுங்காலம் ஆட்சி செய்தனர். 1980 மார்ச்சு முதல் 1988 ஆகஸ்டு வரை பிரதமராக இருந்த பிரேம் தின்சுலானொன் (1920–2019) அவ்வரிசையில் தனித்து நிற்பவர்.

பதவியேற்ற மறுமாதமே அவர் பிறப்பித்த 66/2523 எண் ஆணை (2523 என்பது பௌத்த ஆண்டு), பொதுவுடைமைக் கிளர்ச்சியைப் படைவலியால் மட்டும் அடக்கவியலாது என்றது. வறுமையும் அதிகாரிகளின் அநீதியுமே மக்களைக் காட்டிற்கு அனுப்புகின்றன என்பது அதன் அடிப்படை. வறண்ட வடகிழக்கில் இரண்டாம் படைமண்டலத் தளபதியாகப் பணியாற்றிய காலத்தில் அவர் பெற்ற தெளிவு இது. காட்டிலிருந்து மீண்டோர் ‘தாய் தேச வளர்ச்சியின் பங்காளிகள்’ என்றே அழைக்கப்பட்டனர். சீனத்தின் ஆதரவு குன்றியதும் கிளர்ச்சியின் வீழ்ச்சிக்குக் காரணமாயிற்று. ஆணையின் புகழை அவ்வளவில் குறைத்தே மதிப்பிடல் வேண்டும். மலாயாப் பொதுவுடைமைக் கட்சி 1989 திசம்பரில் ஹாட்யாயில் உடன்பாடு கண்டபோது, ஆணையை உருவாக்கியோருள் ஒருவரான சவாலித் தரைப்படைத் தளபதியாக இருந்தார் என்பது நம் வாசகர்க்கு நினைவூட்டத்தக்கது.

1981, 1985 ஆகிய ஆண்டுகளின் படைப்புரட்சி முயற்சிகளை அவர் வென்றார். 1984இல் பாட் நாணய மதிப்பிறக்கத்தை வெளிப்படையாக எதிர்த்த தளபதி ஆர்தித்தை 1986இல் பதவிநீக்கினார். எனினும் அவர் ஒருபோதும் தேர்தலில் நின்றதில்லை. கட்சிகளுக்கு அப்பாற்பட்டு, அரண்மனையின் நம்பிக்கையில் நின்றமையே அவர்தம் மிதவாதத்திற்கு வலிமையும் வரம்புமாயிற்று. 1988இல் 99 கல்வியாளர்கள் இதனைக் குறைகூறி மன்னருக்கு விண்ணப்பித்தனர். அவ்வாண்டு சூலைத் தேர்தலுக்குப் பின் கட்சிகள் மீண்டும் அழைத்தபோது பிரேம் மறுத்துவிட்டார். அடுத்துப் பிரதமரான சாதிச்சாயும் முன்னாள் படைத்தளபதியே. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்.