பேச்சாளரை வளர்த்த சபைகள்

1847ஆம் ஆண்டின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். நல்லூர் ஆறுமுகம் பிள்ளை என்பது அவர் பெயர். திருவாவடுதுறை ஆதீனம் 1849இல் பட்டம் கொடுத்த பிறகு ஆறுமுக நாவலர். தமிழில் மேடைப்பேச்சு எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் நான் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன்.

வடசென்னையில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்த காலமெல்லாம் பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தேன். இப்போதும் வீட்டுக்கு வருகிறார்கள். கூட்டி வரும் தாய்மார்கள், “டீச்சர், இவளுக்கு மேடைப் பயம் போகணும்” என்பார்கள். கையை எங்கே வைப்பது, குரலை எங்கே ஏற்றுவது, யாரைப் பார்த்துப் பேசுவது என்றெல்லாம் கேட்பார்கள். அதையும் சொல்லித் தருகிறேன். ஆனால் மேடைத் துணிவு கையிலும் குரலிலும் பிறப்பதில்லை. அது எங்கே பிறக்கிறது என்பதை நம் மேடையின் வரலாறே காட்டுகிறது.

நாவலருக்கு முன்பும் தமிழர்கள் கூடிக் கேட்டார்கள். கோயிலிலும் மடத்திலும் புராணம் படிப்பார்கள். ஒருவர் பாட்டை வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்வார். புலவர்கள் அரங்கேற்றம் செய்தார்கள். அவதானிகள் சபை நடுவே நினைவாற்றலைக் காட்டினார்கள். அங்கெல்லாம் முதன்மை நூலுக்கு அல்லது வித்தைக்கு. பேசுகிறவர் தாமே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, நாளைக் குறித்து, வந்தவர் எல்லாருக்கும் விளங்கும் உரைநடையில், இப்படி வாழுங்கள் என்று நேராகச் சொல்வது புதிது.

அந்தப் புதுமையை நாவலர் கற்ற இடம் கிறித்தவப் பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்தில் வெசுலியன் மிசன் நடத்திய பள்ளியில் அவர் படித்தார். அங்கேயே ஆசிரியரும் ஆனார். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றார். பாதிரிமார் வாரந்தவறாமல் எப்படிப் பேசினார்கள், எப்படி ஆள் சேர்த்தார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அந்த முறையை எடுத்துச் சைவத்துக்கு ஆக்கினார். கொல்லாமை, கள்ளுண்ணாமை, பிறர்மனை நோக்காமை, சிவலிங்க வழிபாடு, தானம் என்று வெள்ளிக்கிழமை தோறும் பேச்சு நடந்தது. நண்பர் கார்த்திகேய ஐயரும் கூட நின்றார். அடுத்த ஆண்டே சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது.

இதில் நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வது ‘வெள்ளிக்கிழமை தோறும்’ என்பதைத்தான். பேசி ஏழு நாள் ஆனதும் அதே முகங்கள் மறுபடி எதிரே வந்து உட்காரும். போன வாரம் சொன்னதையே திரும்பச் சொல்ல முடியாது. போன வாரம் சொன்னபடி நடந்தோமா என்ற கேள்வியும் கூடவே வரும். அப்படி வாரந்தோறும் கணக்குக் கொடுக்கிறவனுக்கு மேடையை நினைத்து நடுங்க நேரம் இராது.

நாவலர் 1879இல் மறைந்தார். அவர் தொடங்கிய வழக்கம் கடல் தாண்டிச் சென்னைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துப் புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை. சதாவதானி, அகராதி தொகுத்தவர், எதிர்க்கட்சிக்காரர் அஞ்சிய வாதக்காரர். இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்று நாவலர் எழுப்பிய சண்டையை அடுத்த தலைமுறையில் தூக்கிப் பிடித்தவர் அவர். சென்னை இராயப்பேட்டையில் வெசுலி பள்ளியில் தமிழ் கற்பித்தார். அதே வெசுலியன் சபையார் இங்கே நடத்திய பள்ளி அது. அங்கே அவருக்கு வாய்த்த மாணவர் திரு.வி.கலியாணசுந்தரம்.

திரு.வி.க. பிறந்தது 1883இல், செங்கற்பட்டுப் பக்கம் துள்ளம் என்ற சிற்றூரில். சிறுவயதில் கைகால் முடங்கிப் படிப்பு சில ஆண்டுகள் நின்றுபோனது. தேறி வந்து படித்தபோது கதிரைவேற்பிள்ளை மேல் உயிரையே வைத்தார். அருட்பா சண்டை நீதிமன்றத்துக்குப் போனது. ஆசிரியர் பக்கம் சாட்சி சொல்லப் போன மாணவருக்கு மெட்ரிகுலேசன் தேர்வு எழுத முடியாமல் போயிற்று. பின்னாளில் தமிழ்நாட்டின் பெரிய பேச்சாளர்களில் ஒருவராக நின்றவரிடம் பள்ளியிறுதிச் சான்றிதழ்கூட இல்லை. இந்தச் செய்தியைச் சொல்லும்போது வகுப்பில் எப்போதும் சலசலப்பு எழும். அவர் எங்கே படித்தார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆசிரியரின் காலடியிலும் இராயப்பேட்டைப் பாலசுப்பிரமணிய பக்தஜன சபையிலும் என்பேன். அந்தச் சபையில்தான் அவர் கேட்டார், படித்தார், பேசினார்.

கதிரைவேற்பிள்ளை 1907இல் காலமானார். மாணவர் ஆசிரியரின் வாதத் திறமையை எடுத்துக்கொண்டார். வாதத்தின் சூட்டை விட்டுவிட்டார். வளர்ந்து, தாமே படித்துத் தெளிந்தபின், இராமலிங்க சுவாமிகளைப் போற்றி ஒரு நூலும் எழுதினார். ஆசிரியரிடம் பேசக் கற்றவர் ஆசிரியர் சொன்னதையே பேச வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சியில் இதைவிடக் கடினமான பாடம் எனக்குத் தெரியாது.

அடுத்து நடந்தது நான் குடியிருக்கும் பெரம்பூரில். பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். அவர்கள் மாலையில் கூடிய இடங்களில் ஒன்று வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை. செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் நடத்திய பக்திச் சபை அது. திருமால் பெருமை கேட்க வந்தவர்கள் வேலை முடிந்து களைத்து வந்த தொழிலாளர்கள். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, மேலாளர்கள் அடிக்கிறார்கள் என்ற குறையும் அங்கேதான் பேசப்பட்டது. அந்தக் கூட்டத்துக்குத் தொழிலாளர் நிலை பற்றிப் பேச 1918 மார்ச்சில் திரு.வி.க. வந்தார். அப்போது அவர் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியர். அடுத்த மாதம் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று அது.

சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எடுத்துச் சொன்னார்கள். அந்தக் காலத்து அரசியல் மேடைகளில் படித்தவர்களின் மொழி ஆங்கிலமாகவே இருந்தது. அரசியலையும் பொருளாதாரத்தையும் தொழிலாளர் உரிமையையும் சைவத் தமிழில் தோய்ந்த நாவால் திரு.வி.க. சொன்னபோது, நாட்டு நடப்பெல்லாம் தாய்மொழியில் பேசக்கூடிய விசயம்தான் என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தது. ஒலிபெருக்கி இல்லாத நாள். பின்வரிசைக்கும் எட்ட வேண்டும் என்பதால் வாக்கியம் சிறிதாக, நிறுத்தி நிறுத்தி வந்தது. அவர் எழுத்திலும் அந்த மூச்சு இருக்கிறது. வாய்விட்டுப் படித்தால் யாருக்கும் தெரியும்.

1921இல் ஆலையில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் சுட்டது, பெரம்பூர் வட்டாரமே கொந்தளித்தது. ஆளுநர் வில்லிங்டன் திரு.வி.க.வை அழைத்து நாடுகடத்துவதாக எச்சரித்தார். பள்ளிச் சான்றிதழ் இல்லாத ஒருவரின் பேச்சுக்கு மாகாண ஆளுநர் அஞ்ச வேண்டியிருந்தது. அந்த வலிமையை அவருக்குத் தந்தவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்டவர்கள். தங்கள் குறையை அவர் வாயால் கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் அவரைத் தனியாக நிற்க விடவில்லை.

1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு காங்கிரசு மாநாடு கூடியது. தலைவர் திரு.வி.க. வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாததால் பெரியார் வெளியேறினார். அரசியல் கதை எல்லாருக்கும் தெரிந்தது. மேடைப்பேச்சின் கதையிலும் அது ஒரு திருப்பம். திரு.வி.க.வின் தமிழ் செந்தமிழ். ஈரோட்டுக் கடைவீதியில் பழகிய பெரியாரின் தமிழ் பேச்சுத்தமிழ். அலங்காரம் இல்லை, கேள்வி மேல் கேள்வி. நான் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள், உங்கள் புத்திக்குப் பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூட்டத்திடமே தீர்ப்பை விட்டார். 1973 டிசம்பர் 19இல் தியாகராய நகரில் பேசியதே அவருடைய கடைசிப் பேச்சு. ஐந்தாம் நாள் மறைந்தார். செந்தமிழ் வராது, அதனால் மேடை எனக்கில்லை என்று ஒதுங்கும் பிள்ளைகளுக்கு நான் பெரியாரைச் சொல்வேன்.

பெண்களுக்கு இந்த மேடை தானாகத் திறக்கவில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையின் கொடுமைக்குள் வளர்ந்து, அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குத் தமிழர் படை நடந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் புறப்பட்டுச் செப்டம்பர் 11இல் சென்னை சேர்ந்தது. பட்டுக்கோட்டை அழகிரிசாமி அதன் தளபதி. அம்மையாரும் அதில் நடந்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய ஐம்பத்தைந்து வயது. வழிநெடுகக் கூட்டம்; தங்கிய ஊரிலெல்லாம் பேச்சு. என்னிடம் வரும் பெண்பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய பெயர் அவருடையது.

பிறகு வந்த தலைமுறையை வளர்த்தவை படிப்பகங்களும் மாணவர் மன்றங்களும். அண்ணாவும் அவர் தோழர்களும் 1949 செப்டம்பரில் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் கட்சியைத் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் தெருவெல்லாம் பேச்சுப் பள்ளிக்கூடமாக இருந்தது. முடிதிருத்தும் கடையில் ஒருவர் பத்திரிகை படிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள், மறுத்துப் பேசுவார்கள். அங்கே மறுத்துப் பேசிப் பழகியவர் மறுநாள் மேடையில் பேசினார்.

கோயில் மண்டபம், பக்தஜன சபை, ஆலைத் தொழிலாளர் கூட்டம், நடைப்பயணம், படிப்பகம். இவற்றில் எதுவும் பேச்சாளர்களை உருவாக்கத் தொடங்கப்பட்டதல்ல. மக்களுக்கு ஒரு தேவை இருந்தது. அவர்கள் நாள் தவறாமல் கூடினார்கள். யாராவது எழுந்து சொல்ல வேண்டியிருந்தது. சொன்னவர்கள் பேச்சாளர் ஆனார்கள்.

நம் பள்ளிகளிலும் அப்படி ஓர் இடம் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இலக்கிய மன்றம். முதல் வாரம் குறள் சொல்ல வந்த பிள்ளை ஆண்டு முடிவதற்குள் நன்றியுரை சொல்லும். அடுத்த ஆண்டு தலைமை தாங்கும். கேலி செய்த பிள்ளையே அடுத்த வாரம் பேச வேண்டியிருப்பதால் கேலியும் அடங்கிவிடும். இப்போது பல பள்ளிகளில் அந்த மணி சிறப்பு வகுப்புக்குப் போய்விட்டது. ஆண்டுக்கு ஒருமுறை போட்டி வரும்போது, எழுதிக் கொடுத்ததை மூன்று நிமிடம் ஒப்பிக்கப் பிள்ளையைத் தயார் செய்கிறோம். பிறகு மேடைப் பயம் என்கிறோம்.

தலைமையாசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த ஒரு மணியைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். தலைப்பை அவர்களே எடுக்கட்டும்: பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராதது, பேருந்து நிற்காமல் போவது, படித்த ஒரு நல்ல கதை. ஒரு வாரம் ஒருத்தி தடுமாறினால் அடுத்த வாரமும் அவளையே பேச அழையுங்கள். மற்றவர்கள் பொறுமையாக உட்கார்ந்து கேட்கப் பழகட்டும். நல்ல பேச்சாளரை உருவாக்கும் வேலையில் பாதி அவர்களுடையது.